முதிர்ச்சி வேறு, நம்பகம் வேறு: திறந்த மூலக் கோப்பு முறைமைகளை ஒப்பிடுவது எப்படி?

லினக்ஸை முதன்முதலாக நிறுவுகிறவர்கள் ஒரு திரையில் சற்றுத் தயங்கி நிற்பார்கள். வட்டைப் பிரிக்கும் அந்தக் கட்டத்தில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று ஒரு பட்டியல் விரியும். எதை எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்று பெரும்பாலும் அங்கே ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. தெரிந்தவர்களைக் கேட்டால், "பழையதையே போடுங்கள், அதுதான் அடிபட்டுத் தேறியது" என்பார் ஒருவர். "பழையதில் தரவுக்குச் செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கிடையாது, புதியதைப் போடுங்கள்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் முதலாமவர் முதிர்ச்சியைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசுகிறார். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கோப்பு முறைமைகளைப் பற்றிய விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

ஒரு கோப்பு முறைமை எத்தனை ஆண்டுகளாக, எத்தனை விதமான வட்டுகளில், எத்தனை மின்வெட்டுகளைக் கண்டு, பிழை திருத்தப்பட்டு வந்திருக்கிறது என்பது அதன் முதிர்ச்சி. நீங்கள் எழுதியது எழுதியபடியே திரும்பக் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் அந்த உண்மையை அது உங்களிடம் ஒப்புக்கொள்கிறதா என்பது அதன் நம்பகத்தன்மை.

குறிப்பேடும் பேரேடும்

வட்டு என்பது எண்ணிடப்பட்ட கட்டங்களின் நீண்ட வரிசை மட்டுமே; கோப்பு, அடைவு, பெயர், தேதி என்ற எதுவும் அதற்குத் தெரியாது. எந்தக் கோப்பின் எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கட்டங்கள் காலியாக உள்ளன என்ற கணக்கை வைத்திருப்பது கோப்பு முறைமையின் வேலை. இந்தக் கணக்கைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். ஒரு சிறிய கோப்பைச் சேமிக்கும்போதுகூட அடைவில் பெயர், காலியிடப் பட்டியல், கோப்பின் நீளம், தரவு என்று பல இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு இடங்களில் எழுதி முடித்த நொடியில் மின்சாரம் போனால், கணக்கு முன்னுக்குப் பின் முரணாகிவிடும்.

1993இல் ரெமி கார்டு உள்ளிட்டோர் உருவாக்கிய இஎக்ஸ்டி2 முறைமையில் இதற்குத் தடுப்பு ஏதும் இல்லை. மின்வெட்டுக்குப் பின் கணினி எழும்போதெல்லாம் முழு வட்டையும் முதலிலிருந்து சரிபார்த்தாக வேண்டும். பெரிய வட்டுகளில் அது மணிக்கணக்கில் ஓடும். இதற்கான தீர்வு, பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுப் பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது போல, செய்யப்போகும் மாற்றங்களை வட்டின் ஒரு தனிப்பகுதியில் முதலில் எழுதிவைத்து, பிறகு உரிய இடங்களுக்குக் கொண்டுசெல்வது. இடையில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சில நொடிகளில் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். ஆங்கிலத்திலும் இதற்கு ஜர்னல் என்றே பெயர். ஸ்டீபன் ட்வீடி இதை இஎக்ஸ்டி2இன் மேல் கட்டினார். 2001இல் அது இஎக்ஸ்டி3 ஆக, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் சேர்ந்தது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றின் குறிப்பேட்டில், வழக்கமான அமைப்பில், மெட்டாடேட்டா மட்டுமே பதிவாகிறது. உங்கள் கட்டுரையின் வரிகளோ புகைப்படத்தின் பிக்சல்களோ அதில் பதிவதில்லை. அதாவது மின்வெட்டுக்குப் பின் கணக்கு சரியாக இருக்கும் என்பது உறுதி. கணக்கில் சொல்லப்பட்ட சரக்கு அப்படியே இருக்கும் என்பதற்கு அதே உறுதி கிடையாது.

2009இல் வெறுமையாகிப்போன கோப்புகள்

இந்த வேறுபாட்டை உலகம் கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இஎக்ஸ்டி4, 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே, அப்போது சோதனை நிலையில் இருந்த உபுண்டு 9.04 என்ற லினக்ஸ் வெளியீட்டைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தபோது, மேசைத்தள அமைப்புக் கோப்புகள் பெயர் இருக்க, நீளம் பூஜ்ஜியமாகக் கிடந்தன.

இஎக்ஸ்டி3 பொதுவாக 5 நொடிக்கு ஒருமுறை தரவை வட்டுக்குத் தள்ளிவிடும். இஎக்ஸ்டி4 வேகத்துக்காக, தரவுக்கு இடம் ஒதுக்குவதையே முடிந்தவரை தள்ளிப்போடும். 30 நொடிகளுக்கு மேல்கூடத் தரவு நினைவகத்திலேயே நிற்கலாம். பயன்பாட்டு நிரல்களோ, புதிய கோப்பை எழுதி அதைப் பழைய பெயருக்கு மாற்றிவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிப் பழகியிருந்தன. பெயர்மாற்றம் மெட்டாடேட்டா என்பதால் அது குறிப்பேடு வழியாக உடனே வட்டுக்குப் போய்விட்டது, தரவு போகவில்லை. அந்த இடைவெளியில் கணினி நின்றால் பழைய உள்ளடக்கமும் போய், புதியதும் வராமல், வெறும் பெயர் மட்டும் மிஞ்சியது.

இதில் தவறு யாருடையது? தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், நிரல் எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே விதி, நிரல்கள் கேட்கவில்லை. இஎக்ஸ்டி4இன் பராமரிப்பாளர் தியடோர் சோ இதை விளக்கினார். ஆயினும் அதே கையோடு, பெயர்மாற்றத்தின்போது தரவையும் முன்கூட்டியே எழுதிவிடும் திருத்தங்களையும் அவர் செய்தார். 2.6.30 முதல் அவை கெர்னலிலேயே உள்ளன. முதிர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். விதிப்படி சரியாக நடப்பதோடு நின்றுவிடாமல், உலகத்தில் உண்மையாக ஓடும் நிரல்கள் செய்யும் தவறுகளையும் தாங்கிக்கொள்ளப் பழகுவது. அது வரைபடத்தில் வருவதில்லை. அடிபட்ட பிறகே வருகிறது.

எக்ஸ்எஃப்எஸ் கதையும் ஏறக்குறைய இதுவே. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கி 1994இல் வெளியிட்ட இது, பின்னர் திறந்த மூலமாகி லினக்ஸுக்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில், மின்வெட்டுக்குப் பின் கோப்புகளில் சுழியங்கள் நிரம்பிக் கிடக்கும் என்ற கெட்ட பெயர் அதற்கு இருந்தது. அந்தக் குறை சரிசெய்யப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2014இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதையே இயல்புத் தேர்வாக ஏற்றது. பெயர் மட்டும் இன்னும் சிலரது நினைவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எஃப்சிங்க் கேட்டுவிட்டால் கவலை இல்லையா என்றால், அதுவும் 2018இல் ஆட்டங்கண்டது. வட்டில் எழுதும்போது பிழை ஏற்பட்டால், எஃப்சிங்க் அதை ஒருமுறை அறிவிக்கும். ஆனால் லினக்ஸ் அதற்குள் அந்தத் தரவை 'எழுதப்பட்டது' என்று குறித்துவிடுவதால், மறுமுறை கேட்டால் வெற்றி என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மறுமுறை கேட்டு வெற்றி பெற்றால் போதும் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வெளியான திருத்தத்துக்குப் பின், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே அது தன்னை நிறுத்திக்கொண்டு, தன் சொந்தப் பதிவேட்டிலிருந்து மீள்கிறது.

வட்டு பொய் சொன்னால்

மின்வெட்டு சத்தமாக வரும் ஆபத்து. சத்தமில்லாமல் வருவது இன்னொன்று: வட்டு எந்தப் பிழையும் அறிவிக்காமல், எழுதியதற்கு மாறான ஒன்றைத் திருப்பித் தருவது. பழுதான கேபிள், வட்டின் உள்ளிருக்கும் மென்பொருளின் பிழை, தவறான கட்டத்தில் போய் விழுந்த எழுத்து என்று காரணங்கள் பல.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எழுத்தில் விளக்குவதைவிட அதுவே மனத்தில் பதியும். 1 ஜிபி அளவில் இரண்டு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, ஒன்றை இஎக்ஸ்டி4 ஆகவும் மற்றதைப் பிடிஆர்எஃப்எஸ் ஆகவும் வடிவமைத்து, வட்டுகளைப் போல மவுண்ட் செய்யுங்கள் (அதாவது, கணினியோடு இணையுங்கள்). சில எம்பி அளவுள்ள ஒரே புகைப்படத்தை இரண்டிலும் நகலெடுத்து, இரண்டையும் அன்மவுண்ட் செய்யுங்கள். பிறகு பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றால் அந்த இரண்டு வட்டுப் பிம்பங்களையும் திறந்து, புகைப்படத் தரவின் நடுவில் நான்கு பைட்டுகளை மட்டும் மாற்றிச் சேமித்து, மீண்டும் மவுண்ட் செய்யுங்கள்.

இஎக்ஸ்டி4 பக்கத்தில் எதுவுமே நடக்காதது போல இருக்கும். கோப்பு திறக்கும், நகலெடுக்கவும் முடியும், ஒரு எச்சரிக்கையும் வராது. படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பாதிக்குக் கீழே நிறம் பிறழ்ந்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ் பக்கத்தில் கோப்பைப் படிக்க முயன்றவுடன் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வரும். கெர்னல் பதிவைப் பார்த்தால் செக்சம் பொருந்தவில்லை என்ற வரி இருக்கும். எந்தக் கோப்பு என்பதற்கு 257 என்ற ஐநோடு எண்ணும் (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் உள் எண்), எதிர்பார்த்த எண் என்ன, கிடைத்த எண் என்ன என்பதும் அதில் இருக்கும். புதிதாக வடிவமைத்த பிடிஆர்எஃப்எஸ்ஸில் முதலில் வைக்கும் கோப்புக்கு அந்த 257தான் கிடைக்கும் என்பதால், உங்கள் திரையிலும் அதையே காண்பீர்கள்.

செக்சம் என்பது தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு சிறு எண். தரவு மாறினால் எண் பொருந்தாது. இஎக்ஸ்டி4உம் எக்ஸ்எஃப்எஸ்ஸும் இன்று தங்கள் மெட்டாடேட்டாவுக்குச் செக்சம் வைத்திருக்கின்றன, உங்கள் தரவுக்கு வைத்திருப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில், உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட முறைமைகளில் ஒன்றான இஎக்ஸ்டி4, வட்டு சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறது. பிறழ்ந்த படத்தை உங்கள் பேக்கப்பும் உண்மையாக நகலெடுக்கும். சில மாதங்களில் நல்ல பிரதி எங்குமே மிஞ்சாது.

இந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தது இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரென்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தின் செக்சம் அந்தக் கட்டத்தோடு இருப்பதில்லை. அதைச் சுட்டும் மேல்கட்டத்தில் இருக்கிறது. ஆகவே வட்டு தவறான கட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிடிபடும். பழைய தரவின் மேல் எழுதாமல், புதிய இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் சுட்டியை மட்டும் மாற்றுவதால், மின்வெட்டு எந்த நொடியில் வந்தாலும் முந்தைய நிலை முழுமையாக இருக்கும். இரண்டு வட்டுகளை இரட்டையாக வைத்திருந்தால், ஒன்றில் கெட்டதை மற்றதிலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். 2007இல் கிறிஸ் மேசன் ஆரக்கிளில் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் இதே நோக்கங்களை லினக்ஸுக்குள்ளேயே நிறைவேற்ற முயன்றது. 2009இல் கெர்னலில் சேர்ந்தது.

பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறைக்கு ரெய்டு என்று பெயர். பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு5, ரெய்டு6 வசதிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல வட்டுகளில் தரவையும், ஒரு வட்டு போனால் அதன் தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டியையும் எழுதும் முறையில், இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாரிட்டி பொருந்தாமல் நிற்கும், பின்னர் ஒரு வட்டு செத்துப்போகும்போது அந்தப் பாரிட்டியிலிருந்து குப்பையே மீளும். பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ஆவணங்களே இந்தப் பகுதியை முக்கியமான தரவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றன. அதன் இரட்டைப்பிரதி முறையான ரெய்டு1இல் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு கோப்பு முறைமைக்கு ஒரே வயது என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. அதன் ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனி முதிர்ச்சி உண்டு.

2023இன் கடைசி வாரங்கள்

அப்படியானால் செக்சம் இருப்பதே நம்பகமானது என்று முடித்துவிடலாமா? 2023 நவம்பரில், ஜென்டூ லினக்ஸில் இசட்எஃப்எஸ் பயன்படுத்தியவர்கள், நகலெடுத்த கோப்புகளில் ஆங்காங்கே சுழியங்கள் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். முதலில் அப்போது வெளியாகியிருந்த 2.2.0 பதிப்பின் புதிய வசதி மீது சந்தேகம் விழுந்தது. ஆராய்ந்ததில், பல ஆண்டுகளாக உள்ளேயே இருந்த ஒரு பழைய பிழையே மூலக்காரணம் என்று தெரிந்தது. அப்போதுதான் எழுதப்பட்ட ஒரு கோப்பில் 'தரவு எங்கே, வெற்றிடம் எங்கே' என்று நகலெடுக்கும் நிரல் கேட்டால், மிக அரிதான ஒரு தருணத்தில், தரவு உள்ள இடத்தையே வெற்றிடம் என்று இசட்எஃப்எஸ் பதில் சொன்னது. நகலெடுக்கும் கட்டளையின் புதிய பதிப்பு இந்தக் கேள்வியை வழக்கமாகவே கேட்கத் தொடங்கியதால், தூங்கிக்கொண்டிருந்த பிழை வெளியே வந்தது.

செக்சம் ஏன் உதவவில்லை? நகலில் எழுதப்பட்ட சுழியங்களுக்கு உரிய செக்சம் மிகச் சரியாகவே இருந்தது. வட்டு பொய் சொன்னால் செக்சம் பிடிக்கும். கோப்பு முறைமையே தவறிப் பேசினால் அதற்கு வழி தெரியாது. அந்த மாத இறுதிக்குள் 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தம் வந்தது.

அதற்கு அடுத்த வாரமே இஎக்ஸ்டி4இன் முறை. 6.1.64 என்ற 'நிலையான' கெர்னல் பதிப்பில், இன்னொரு திருத்தத்தைச் சார்ந்திருந்த ஒரு திருத்தத்தை மட்டும் புதிய கெர்னலிலிருந்து தனியே எடுத்துச் சேர்த்ததால், இஎக்ஸ்டி4இல் தரவு கெடும் நிலை உண்டானது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, டிசம்பர் 10 அன்று 12.4ஐ வெளியிட்டது. மூலக்குறியீட்டில் யாரும் புதிதாக எதையும் தவறாக எழுதவில்லை; எடுத்துச் சேர்த்ததில் பாதி விடுபட்டது, அவ்வளவே. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளின் 5,079 திருத்தங்களைப் படித்து 2013இல் வெளியிட்ட ஆய்வும், பிழைகள் இளைய முறைமைகளில் மட்டுமல்லாமல் முதிர்ந்தவற்றிலும் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதைக் காட்டியது. ஆகவே எதை வைத்திருந்தாலும், புதிய கெர்னல் வந்த அன்றே முக்கியமான சர்வரில் ஏற்றாமல் சில வாரங்கள் பொறுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

குறியீட்டின் பின்னால் இருப்பவர்கள்

ரெட் ஹேட் 2017இல் பிடிஆர்எஃப்எஸ்ஸைக் கைவிடப்போவதாக அறிவித்து, 8ஆம் பதிப்பில் நீக்கியது. சூசே நிறுவனமோ 2014 முதல் அதையே தன் எண்டர்பிரைஸ் சர்வரின் இயல்புத் தேர்வாக வைத்திருக்கிறது. ரெட் ஹேட்டின் ஆதரவோடு நடக்கும் ஃபெடோராவே 2020இல் தன் மேசைத்தளப் பதிப்புக்கு அதைத் தேர்ந்தது. ஒரே குறியீட்டுக்கு எப்படி இத்தனை தீர்ப்புகள்? சூசேயிடமும் ஃபேஸ்புக்கிடமும் பிடிஆர்எஃப்எஸ் எழுதும் பொறியாளர்கள் இருந்தார்கள். ரெட் ஹேட்டின் பலம் எக்ஸ்எஃப்எஸ்ஸில் இருந்தது. நள்ளிரவில் ஒரு வாடிக்கையாளரின் வட்டு பழுதானால் யாரால் உட்கார்ந்து சரிசெய்ய முடியும் என்பதும் முதிர்ச்சியின் ஒரு பங்குதான்.

ரைசர்எஃப்எஸ் இதற்குத் துயரமான சான்று. 2001 தொடக்கத்தில், லினக்ஸின் பொதுக் கெர்னலில் சேர்ந்த முதல் ஜர்னல் முறைமை அதுவே. சூசே அதை ஆண்டுக்கணக்கில் இயல்பாக வைத்திருந்தது. அதன் தலைமை உருவாக்குநர் 2008இல் கொலை வழக்கில் தண்டனை பெற்ற பின் அதை முன்னெடுக்க வலுவான குழு இல்லை. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அது முதிரவில்லை, மூப்படைந்தது. 2025 ஜனவரியில் வெளியான 6.13 கெர்னலில் நீக்கப்பட்டது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் உருவாக்கிய பிகேஷ்எஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை, 2024 ஜனவரியில் 6.7 கெர்னலில் சேர்ந்து, பராமரிப்பு முறை பற்றிய கருத்து மோதல்களுக்குப் பின் 2025இல் 6.18க்கான பணியின்போது வெளியேற்றப்பட்டது. அதன் வடிவமைப்பு எனக்குப் பிடித்தமானது. ஆனால் குடும்பப் புகைப்படங்களின் ஒரே பிரதியை இப்போதைக்கு அதில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இசட்எஃப்எஸ்ஸுக்கும் ஒரு வெளித்தடை உண்டு. அதன் உரிமம் லினக்ஸின் உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று பலர் கருதுவதால், அது கெர்னலுக்கு வெளியே தனித் தொகுப்பாகவே வளர்கிறது. புதிய கெர்னல் வரும்போது அதற்குரிய இசட்எஃப்எஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸ் அல்லாத இன்னொரு திறந்த மூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை.

தனி மடிக்கணினிக்கு இஎக்ஸ்டி4 போதும், பேக்கப்பில் பழைய பிரதிகளை மேலெழுதாமல் சில மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பெரிய தரவுத்தளமோ பெரிய கோப்புகளோ உள்ள சர்வருக்கு எக்ஸ்எஃப்எஸ். ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்கும் புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், ஆவணங்களுக்கு இரண்டு வட்டுகளில் இரட்டையாக இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு1. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட்டி எல்லாக் கட்டங்களையும் படித்துச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். படிக்கப்படாத தரவில் செக்சம் எதையும் கண்டுபிடிக்காது.

உடைந்த பிறகு

ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று பழுதுபார்க்கும் கருவி. இஎக்ஸ்டி குடும்பத்தின் சரிபார்ப்புக் கருவி 1990களிலிருந்து எல்லா விதமான சிதைவையும் பார்த்துப் பழகியது. மோசமாக உடைந்த வட்டிலிருந்தும் எதையாவது மீட்டுத் தரும். எக்ஸ்எஃப்எஸ்ஸின் கருவியும் தேறியதே. இசட்எஃப்எஸ்ஸுக்கு அப்படியொரு கருவியே கிடையாது. முந்தைய நல்ல நிலைக்குப் பின்னோக்கிப் போகச் சொல்லலாம், அதுவும் முடியாவிட்டால் பேக்கப்தான். பிடிஆர்எஃப்எஸ்ஸின் பழுதுபார்ப்புக் கட்டளையை இயக்கினால், தேர்ந்தவர்கள் சொல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, 10 நொடிகள் எண்ணிக் காத்திருக்கும்.

அந்த 10 நொடிக்குள் நிறுத்திவிடுங்கள். பழுதான வட்டை அதே அளவுள்ள வேறொரு வட்டுக்குக் கட்டம் கட்டமாக முழுப்பிரதி எடுத்துக்கொண்டு, பழுதுபார்ப்பைப் பிரதியின் மேல் செய்யுங்கள். தவறினாலும் மூலம் கெடாமல் இருக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இதைச் செய்யும்போது, மவுண்ட் செய்வதற்கு முன் மூல வட்டின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு வட்டுகளுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், இரண்டும் சேர்ந்து இணைந்திருந்தால் கெர்னல் ஒன்றை மற்றொன்றாக எண்ணி இரண்டையும் கெடுத்துவிடக்கூடும்.